சூரியன் மறையும்வரை 740

2011 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை. வட கரோலைனாவின் வின்ஸ்டன்-சேலத்திலிருந்து வடக்கே, 52ஆம் இலக்க நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தேன். மருத்துவ ஆய்வுக்கூடக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். மலையோரச் சிற்றூர்களின் சிறிய மருத்துவ நிலையங்களெல்லாம் என் பங்குக்கு வந்திருந்தன. வாரத்தில் மூன்று நாட்களாவது இந்தச் சாலையில்தான். இடப்பக்கம் பைலட் மலையின் மொட்டைக் கொண்டை தெரியத் தொடங்கும் இடத்தில் எஃப்.எம். நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கரகரத்து அறுந்துபோகும். அன்று ஏ.எம். பக்கம் குமிழைத் திருப்பினேன். 740இல் ஒரு மனிதர் இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்.

பின்னணி இசை எதுவும் இல்லை. பெயர், வயது, எந்த ஊர், யாருடைய மகள், எந்த ஆலையில் எத்தனை வருடம் வேலை, எந்தத் தேவாலயத்தில் எத்தனை மணிக்கு ஆராதனை. மலர்கள் வேண்டாம், அந்தப் பணத்தை ஊரின் தொண்டர் தீயணைப்புப் படைக்குக் கொடுத்தால் போதும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். அடுத்த பெயர். ஒரு பெயரிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் அவர் மூச்சு விட்டுக்கொள்ளும் சத்தம்கூடக் கேட்டது. அவசரமே இல்லை.

காரைச் சாலையோரம் நிறுத்திவிட்டேன். எனக்கு அந்தக் குரலைத் தெரியும் என்று தோன்றியது. ஆளைத் தெரியாது, மொழி வேறு, கண்டம் வேறு. ஆனால் அந்த நிதானத்தை எனக்குத் தெரியும்.

"சுன்னாகத்தைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வசிப்பிடமாகவும் கொண்ட…" என்று தொடங்கி, "அன்னார், காலஞ்சென்ற இன்னாரின் அன்புப் புதல்வரும், இன்னாரின் பாசமிகு கணவரும்" என்று வளர்ந்து, "உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்" என்று முடியும் இலங்கை வானொலியின் மரண அறிவித்தல். ஈழத்தில் வளர்ந்த யாரும் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். 1990இல் மீண்டும் போர் மூண்டபோது எனக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது, தொலைபேசி நின்றது, பற்றரி தடை செய்யப்பட்ட பொருளானது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் இழுத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றித்தான் செய்தி கேட்டோம். மாலையில் பி.பி.சி.யின் தமிழோசை, வேறு வேளையில் மணிலாவிலிருந்து வரும் வெரித்தாஸ் வானொலி. என் வீட்டில் சுற்றுவது பெரும்பாலும் அக்காவின் வேலை. வேகம் குறைந்தால் குரல் தேய்ந்துபோகும், கூடினால் இரையும். அவளுக்கு அந்த வேகம் கைவந்திருந்தது.

கொழும்பிலிருந்த எங்கள் பெரியப்பா இறந்த செய்தி அப்படித்தான் வந்தது. கடிதம் வர மாதக்கணக்காகும் காலம். அறிவிப்பாளர் பெரியப்பாவின் பெயரைச் சொன்னபோது அக்காவின் கை நின்றது. வானொலியும் நின்றது. அப்பா, "சுற்று, சுற்று, எப்போது கிரியை என்று கேட்க வேண்டும்" என்றார். அவள் அழுதுகொண்டே சுற்றினாள்.

இருபது வருடங்களுக்குப் பிறகு, அமெரிக்காவின் ஒரு மலையடிவார நெடுஞ்சாலையில், எனக்கு ஒரு வகையிலும் சொந்தமில்லாத மனிதர்களின் பெயர்களை அந்த ஆள் கடைசிவரை வாசித்து முடிக்கக் காத்திருந்தேன். முடிந்ததும் ஒரு பிடிலும் பாஞ்சோ என்ற தந்திக் கருவியும் சேர்ந்து பாய்ந்து வந்தன.

நிலையத்தின் அழைப்புப் பெயர் டபிள்யூ.பி.ஏ.கியூ. இருப்பது வர்ஜீனியா எல்லையை ஒட்டிய மவுண்ட் எயரி என்ற ஊரில். சுமார் பத்தாயிரம் பேர் வாழும் ஊர். வெளியுலகத்துக்கு அதைத் தெரிந்திருப்பது நடிகர் ஆண்டி கிரிஃபித் பிறந்த ஊர் என்பதால். இன்றும் கடைத்தெருவில் பாதி அவரது பழைய தொலைக்காட்சித் தொடரின் நினைவில்தான் பிழைக்கிறது. ஊருக்கு வெளியே மலையையே வெட்டித் திறந்துபோட்ட மாபெரும் வெள்ளைக் கருங்கல் அகழி ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் காலுறை ஆலைகளும் புகையிலையும் இந்த ஊருக்குச் சோறு போட்டன. ஆலைகள் பெரும்பாலும் மூடிவிட்டன. மரண அறிவித்தலில் "ஆலையில் முப்பது வருடம்" என்று வரும்போதெல்லாம் அந்தச் சொல் இல்லாமற்போன ஓர் உலகத்தைச் சுட்டுகிறது.

பக்கத்து அராரட் என்ற சிற்றூரைச் சேர்ந்த ரால்ஃப் எப்பர்சன் என்ற இளைஞர் 1948 பெப்ரவரி 2ஆம் திகதி இந்த நிலையத்தைத் தொடங்கினார். உள்ளூர்க்காரர்கள் வாசிக்கும் இசையை உள்ளூர்க்காரர்களுக்கே ஒலிபரப்ப வேண்டும் என்பது அவரது பிடிவாதம். அந்தக் காலத்தில் இது பெரிய புதுமை இல்லை. அமெரிக்காவின் சிறு நிலையங்கள் பலவும் அப்படித்தான் இயங்கின. பெரிய விஷயம் அவர் அதை விடாமல் இருந்தது. 50களில் ராக் இசை வந்தது, ஊர் நிலையங்கள் இசைத்தட்டுக்கு மாறின, நேரடி வாசிப்பாளர்களை வெளியே அனுப்பின. எப்பர்சன் அனுப்பவில்லை. 2006இல் அவர் இறக்கும்வரை அந்த ஒலிவாங்கி திறந்தே இருந்தது, அதன் பிறகு மகன் பொறுப்பேற்றார். தொடக்க ஆண்டுகளில் நிலையத்துக்கு வந்து வாசித்தவர்களை எப்பர்சன் தட்டுகளில் பதிந்தும் வைத்தார். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த தொகுப்பு ஒன்று 1999இல் ரவுண்டர் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. வயலில் இருந்து நேராக வந்து வாசித்துவிட்டுப் போன மனிதர்களின் கை அதில் கேட்கிறது.

இதைக் கன்ட்ரி இசை என்று சொன்னால் ஊரில் சிலர் தலையசைப்பார்கள், சிலர் திருத்துவார்கள். நாஷ்வில்லில் உற்பத்தியாகி நாடு முழுவதும் போகும் கன்ட்ரி வேறு. இந்த நிலையம் வாசிப்பது அதன் பாட்டனையும் பங்காளிகளையும்: ஓல்ட் டைம் என்கிற பழைய பிடில்-பாஞ்சோ இசை, அதிலிருந்து பின்னர் கிளைத்த புளூகிராஸ், தேவாலயப் பாடல்கள். 1927இல் மேற்கே பிரிஸ்டல் நகரத்துக்கு ஒரு பதிவு நிறுவனத்தின் ஆட்கள் கருவிகளோடு வந்து, கார்ட்டர் குடும்பத்தையும் ஜிம்மி ராட்ஜர்ஸையும் பதிந்துகொண்டு போனார்கள். கன்ட்ரி வணிகத்தின் பிறப்பென்று அதைச் சொல்வார்கள். அந்த வணிகம் ஊரை விட்டுப் புறப்பட்டுப் போன பிறகும் வீட்டோடு தங்கிவிட்ட இசை ஒன்று உண்டு. மவுண்ட் எயரிப் பக்கத்தில் அதற்கு ரவுண்ட் பீக் பாணி என்று பெயர்.

டாமி ஜாரல் அந்தப் பாணியின் பெரிய பிடில்காரர். 1901இல் பிறந்து 1985இல் இறந்தவர். மாநில நெடுஞ்சாலைத் துறையில் சாலையைச் சமப்படுத்தும் இயந்திரம் ஓட்டிச் சம்பாதித்தார், இரவில் பிடில் வாசித்தார். ஓய்வு பெற்ற பிறகு எங்கெங்கிருந்தோ இளைஞர்கள் அவர் வீட்டுக்கு வந்து தங்கிக் கற்றார்கள். 1982இல் அமெரிக்க அரசு மரபுக் கலைஞர்களுக்கான தேசிய விருதை முதன்முதலாக வழங்கியபோது அதைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

பாஞ்சோவைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதை வெள்ளைக்கார மலைவாசிகளின் கருவி என்று நினைப்பவர்கள் அதிகம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் தங்கள் ஊர்ச் சுரைக்குடுக்கைக் கருவிகளின் நினைவில் செய்துகொண்டது அது. 1920களில் பதிவு நிறுவனங்கள் கறுப்பர் தட்டு, மலைநாட்டார் தட்டு என்று பட்டியலைப் பிரித்து விற்றபோதுதான் இந்த இசைக்கு நிறம் பூசப்பட்டது. அதன் ஐந்தாவது கம்பி மற்றவற்றை விடக் குட்டையானது. கழுத்தின் நடுவிலிருந்து தொடங்கி, ஒரே சுரத்தில் விடாமல் ஒலிக்கும். முதல்முறை அதைக் கவனித்துக் கேட்டபோது கோயில் கச்சேரிகளின் தம்புராதான் நினைவுக்கு வந்தது. எந்தப் பாட்டுப் போனாலும் கூடவே ஒருவர் சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

நிலையத்தின் உயிர்நாடி சனிக்கிழமை. காலை 11 மணிக்கு "மெர்ரி-கோ-ரவுண்ட்" என்ற நேரடி நிகழ்ச்சி. அமெரிக்காவில் மிக நீண்ட காலமாகத் தொடரும் நேரடி இசை ஒலிபரப்புகளில் ஒன்று. ஊரின் கடைத்தெருவில் இருக்கும் பழைய திரையரங்கின் மேடையிலிருந்து நடக்கிறது. சில டொலர் கொடுத்தால் உள்ளே போகலாம். நான் முதல்முறை போனபோது நிகழ்ச்சிக்கு முன்பே அரங்கில் வட்டமாக நாற்காலி போட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர், அவர் பேத்தி வயதில் ஒரு சிறுமி, வேலைச் சீருடையோடே வந்திருந்த ஒரு மெக்கானிக். யாரும் யாருக்கும் கைதட்டவில்லை. ஒரு பாட்டு முடிந்தால் யாராவது அடுத்ததன் முதல் அடியை எடுப்பார்கள், மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

ஒலிபரப்புத் தொடங்கியதும் மேடைக்கு முன்னால் இருந்த மரத்தரையில் வயதான தம்பதிகள் இறங்கினார்கள். பிளாட்ஃபுட் என்கிற ஆட்டம்: இடுப்புக்கு மேலே அசைவே இல்லை, பாதங்கள் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டலும் ஒலிவாங்கியில் ஏறி வானொலியில் போகிறது. மிருதங்கம் இல்லாத இசைக்கு அந்தக் கால்களே மிருதங்கம். நடுவில் அறிவிப்பாளர் வந்து தீனிக்கடை, வன்பொருள் கடை விளம்பரங்களை வாசித்தார். அந்தக் கடைக்காரர்களில் ஒருவர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் வாசித்த குழு இறங்கிக் கீழே உட்கார்ந்தது. கீழே இருந்தவர்கள் மேலே போனார்கள். யார் பாடகர், யார் நேயர் என்று பிரித்துச் சொல்ல முடியாத வானொலியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இத்தகைய நிலையங்கள் ஏன் அருகிவிட்டன என்பதற்கு ஒரு சட்டம் பெரிய காரணம். 1996 வரை ஒரு நிறுவனம் நாடு முழுவதிலும் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அந்த வரம்பை நீக்கியது. சில ஆண்டுகளுக்குள் ஒரே நிறுவனத்திடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. ஓர் ஊரில் இருந்துகொண்டு பத்து ஊர்களுக்குப் பேசும் அறிவிப்பாளர்கள் வந்தார்கள். முன்கூட்டியே பதிந்த குரலைக் கணினி உரிய நேரத்தில் விடுகிறது. கன்ட்ரி நிலையம் என்ற பலகை எத்தனையோ ஊர்களில் தொங்குகிறது. உள்ளே ஆள் இல்லை. எனக்கு இதில் சமாதானமே கிடையாது. ஓர் ஊருக்கென்று கொடுத்த அலைவரிசையில் அந்த ஊரில் யார் செத்தார்கள் என்று தெரியாத ஒரு குரல் பேசுவதற்கு என்ன உரிமை இருக்கிறது?

இனி அந்த 740 என்ற எண். தொழில் காரணமாகவும், சைக்கிள் டைனமோ காரணமாகவும், எனக்கு இந்த விஷயத்தில் பேராசை உண்டு. 740 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 405 மீட்டர். நான்கு தென்னந்தோப்பு வேலிகளைத் தாண்டும் ஓர் அலை. அதன் கால்பங்கு உயரக் கோபுரம் என்றால் 100 மீட்டர். எஃப்.எம். போலக் கோபுரத்தின் உச்சியில் ஓர் அலைக்கம்பி பொருத்துவதில்லை, ஏ.எம்.மில் முழுக் கோபுரமுமே அலைக்கம்பி. அதன் அடியிலிருந்து செம்புக் கம்பிகளைச் சூரியக் கதிர்கள் போல நாற்புறமும் மண்ணுக்குள் புதைப்பார்கள். பகலில் அலை தரையைத் தழுவிக்கொண்டு போகும். ஈரமான வயல்மண் அதைத் தூரம் கொண்டுபோகும், கருங்கல் மலை உறிஞ்சிவிடும். மவுண்ட் எயரி கருங்கல் ஊர். அதனால்தானோ என்னவோ அந்த நிலையம் பகலில் 10,000 வாட்ஸ் செலவழிக்கிறது.

சூரியன் மறைந்ததும் எல்லாம் மாறுகிறது. வானத்தின் உயரத்தில் பகல் முழுக்க இந்த அலைகளை விழுங்கிக்கொண்டிருந்த அயனிப் படலம் கலைந்துபோகிறது. அதற்கும் மேலேயுள்ள படலம் அவற்றைத் திருப்பிப் பூமிக்கு அனுப்புகிறது. நூறு மைல் போன குரல் ஆயிரம் மைல் போகும். எல்லோரும் முழு வலுவில் பேசினால் ஒருவர் குரலும் கேட்காது என்பதால் நாடுகளுக்கிடையில் உடன்பாடு உண்டு. அதன்படி 740 இரவில் கனடாவின் அலைவரிசை. மவுண்ட் எயரி நிலையம் இருட்டியதும் தன் வலுவை ஒற்றை இலக்க வாட்ஸுக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். படிப்பதற்கு ஏற்றும் ஒரு சிறிய மின்குமிழின் அளவு. ஊர் எல்லையைத் தாண்டாது. அந்த இடத்தில் 50,000 வாட்ஸோடு வந்து உட்காரும் நிலையம் ரொறன்ரோவினுடையது.

ரொறன்ரோவின் ஸ்காபுரோவில்தான் அக்கா இருக்கிறாள்.

போன வருடம் கார் மாற்றப் போனேன். மின்சாரக் கார். எல்லாம் பிடித்திருந்தது. வானொலியைப் போட்டு ஏ.எம். எங்கே என்று கேட்டேன். இல்லை என்றார் விற்பனையாளர். மின்மோட்டாரின் இரைச்சல் ஏ.எம். அலையைக் கெடுக்கிறது, அதனால் தயாரிப்பாளர்கள் எடுத்துவிடுகிறார்கள். தேவையென்றால் கைபேசியில் கேட்கலாமே என்றார். அவர் சொன்ன காரணம் உண்மைதான். இரைச்சலை மறைக்கக் கவசம் போடவும் முடியும், அதற்குச் செலவாகும், அவ்வளவுதான் விஷயம். எல்லாக் கார்களிலும் ஏ.எம். இருக்க வேண்டும் என்ற சட்ட முன்வரைவு ஒன்றை 2023இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார்கள். கைபேசியில் கேட்கலாம் என்பவர்கள் மலைப்பக்கம் வந்து, கோபுரமே எட்டாத பள்ளத்தாக்கில், பனிப்புயலில் மின்சாரம் போன இரவில் ஒருமுறை முயன்று பார்க்கட்டும். பற்றரி இருந்தால் போதும் என்ற நிலை எவ்வளவு பெரிய வசதி என்பது பற்றரியே இல்லாமல் வானொலி கேட்டவர்களுக்குத் தெரியும். நான் அந்தக் காரை வாங்கவில்லை.

அக்கா ஒரு முறைதான் என்னிடம் வந்திருக்கிறாள். 2013 செப்டம்பர். சனிக்கிழமை காலை அவளை மவுண்ட் எயரிக்கு அழைத்துப் போனேன். அக்கா யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் வயலின் படித்தவள். போர் அதை நிறுத்தியது; கனடாவில் தொழிற்சாலை வேலை அதைத் திரும்பத் தொடங்கவிடவில்லை. அரங்கில் வட்டமாக உட்கார்ந்து வாசித்தவர்களைப் பார்த்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதியவர் ஒருவர் பிடிலைத் தோளுக்குக் கொண்டுபோகாமல் நெஞ்சிலேயே சாய்த்து, தலைப்பகுதி தரையை நோக்கித் தாழ வாசித்துக்கொண்டிருந்தார். "பார், எங்களைப்போல் கீழே பார்த்து வாசிக்கிறார்" என்றாள்.

பாட்டு முடிந்ததும் அவரருகே போய் நின்றாள். தனக்கும் வயலின் தெரியும், ஆனால் வேறு வகை என்றாள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் பிடிலை அவள் கையில் கொடுத்துவிட்டார். அக்கா அதை மடியில் வைத்து, தடித்த கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக விரலால் மீட்டினாள். மீட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். மறுபடி மீட்டினாள். பிறகு மெல்லிய குரலில் பாடினாள்: ச, ப, ச, ப.

உலகெங்கும் மேற்கத்திய வயலினின் சுருதி வேறு: ஜி, டி, ஏ, ஈ. நாங்கள் கர்நாடக இசைக்கு அதைச் சட்ஜமமும் பஞ்சமமுமாக மாற்றி, ச-ப-ச-ப என்று கூட்டுகிறோம். இந்த மலைக்காரர்கள் சில பாட்டுகளுக்குத் தடித்த இரண்டு கம்பிகளையும் ஒரு படி ஏற்றி ஏ, ஈ, ஏ, ஈ என்று வைத்துக்கொள்கிறார்கள். ஏ-யைச் சட்ஜமமாக எடுத்தால் அது அப்படியே எங்கள் ச-ப-ச-ப. எவரும் எவரிடமும் கற்றதில்லை. திறந்த கம்பிகள் ஒன்றுக்கொன்று துணையாக ஒலிக்க வேண்டும் என்று விரும்பிய இரண்டு கூட்டத்தார், இரண்டு கண்டங்களில், ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

அவர் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அக்கா பதில் சொல்லாமல் மோகனத்தின் ஆரோகணத்தைத் தடவித் தடவி வாசித்தாள். விரல் மறந்திருந்தது. இரண்டு இடங்களில் சுரம் பிசகியது. பாஞ்சோக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அதே ஐந்து சுரங்களில் ஏதோ ஒரு பாட்டைத் தொடங்கினார். ஐந்து சுரப் பாட்டுகள் அவர்களிடம் நிறைய உண்டு. அக்கா சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் வில்லால் இழுத்துக்கொண்டு அவர்களோடு நின்றாள், கடைசிவரை. பிறகு பிடிலை இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தாள்.

அன்று மாலை வரை அந்த ஊரிலேயே சுற்றினோம். திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. காரில் 740 ஓடிக்கொண்டிருந்தது, யாரோ ஒரு குடும்பம் சேர்ந்து தேவாலயப் பாட்டொன்றைப் பாடியது. பைலட் மலையைத் தாண்டியதும் குரல் மெலியத் தொடங்கியது. அக்கா, "வானொலியில் ஏதோ கோளாறு" என்றாள். பொறு என்றேன். பாட்டு ஒரு அலையில் மேலே வந்தது, அடுத்த அலையில் அமிழ்ந்தது, அதன் இடுக்கில் வேறு ஒரு குரல் நுழைந்தது. இரண்டும் சிறிது நேரம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. பிறகு புதிய குரல் தெளிந்தது. ஒன்ராறியோவின் சாலைப் பெயர்களைச் சொன்னது.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இது எங்கள் 401 அல்லவா?"

வானிலை அறிக்கை வந்தது. ரொறன்ரோவில் இன்றிரவு மழை என்றார் அறிவிப்பாளர். அக்கா உடனே கைபேசியை எடுத்து மகனை அழைத்தாள். "பால்கனியில் மோர் மிளகாய் காய வைத்துவிட்டு வந்தேன். மழை வரப்போகிறது, உள்ளே எடுத்து வை" என்றாள். உங்களுக்கு எப்படித் தெரியும், அம்மா என்று அவன் கேட்டது எனக்கும் கேட்டது.

"வானொலியில் சொன்னார்கள்" என்றாள் அக்கா.